நிலநடுக்கத்தில் செங்கல் நிரப்புச் சுவரும் கான்கிரீட் சட்டகமும்

நிரப்புச் சுவர் என்பது கான்கிரீட் அல்லது எஃகுச் சட்டகம் ஒன்றின் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை அடைக்கக் கட்டப்படும் செங்கல் அல்லது கற்கட்டுச் சுவர் ஆகும். மாடிகளின் எடையைத் தாங்குவது சட்டகத்தின் வேலை. சுவர் அறையைப் பிரிக்கும், மழையையும் வெயிலையும் தடுக்கும், அவ்வளவே என்பது பொதுவான எண்ணம். ஆனால் நிலநடுக்கத்தின்போது கட்டடம் பக்கவாட்டில் அசையும்போது சுவர் சும்மா நிற்பதில்லை. தூணோடு மோதி, விசையைத் தன் வழியே கடத்தி, கட்டடம் முழுவதன் நடத்தையையும் மாற்றிவிடுகிறது. இந்த ஊடாட்டம் சில கட்டடங்களைக் காப்பாற்றியிருக்கிறது. வேறு சிலவற்றை வீழ்த்தியும் இருக்கிறது. எது நடக்கும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்கில் காண்பதற்கான முறைகள் 1950களிலிருந்து உருவாகி வருகின்றன.

கணக்கில் விடுபடும் சுவர்

இந்தியா, நேபாளம், துருக்கி, இத்தாலி போன்ற நாடுகளில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் எழுகின்றன. முதலில் தூண், பிறகு உத்தரமும் தளமும், கடைசியில் செங்கல் சுவர். சுவர் மேல் உத்தரத்தின் அடிவரை கட்டப்பட்டு, எஞ்சும் சந்து கலவையால் அடைக்கப்படும். பூச்சு முடிந்தபின் எங்கே தூண் முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

வழக்கமான வடிவமைப்பில் இந்தச் சுவர் எடையாக மட்டுமே இடம்பெறும். 230 மி.மீ. தடிப்பும் 3 மீட்டர் உயரமும் கொண்ட செங்கல் சுவர், உத்தரத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 14 கிலோநியூட்டன் எடையை ஏற்றுகிறது. கணினி மாதிரியில் அந்த எடை உத்தரத்தின் மேல் அம்புக்குறிகளாக நிற்கும். சுவர் என்ற பொருள் அங்கே இருக்காது. பொறியாளர் ஆராய்வது 'வெற்றுச் சட்டகம்' ஒன்றை. தளத்தில் எழுவதோ சுவர் நிறைந்த வேறொரு கட்டடம்.

சுவரை விட்டுவிடுவது பாதுகாப்பான பக்கம் தவறுவதுதான் என்ற நம்பிக்கை நீண்ட காலம் இருந்தது. சுவர் உதவினால் நல்லது, உதவாவிட்டால் சட்டகம் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் தர்க்கம். புவியீர்ப்பு எடையைப் பொறுத்தவரை இது பெருமளவு சரி. நிலநடுக்கத்தில் இது பொருந்தாது. ஏனெனில் நிலநடுக்க விசை, கட்டடம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, அந்த விறைப்பு எங்கெங்கே குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அமைகிறது. வெளியிலிருந்து வரும் நிலையான சுமையைப் போல அதைக் கருத முடியாது.

மூலைவிட்ட முட்டு

செவ்வகச் சட்டகம் ஒன்றின் மேற்பகுதியை வலப்பக்கம் தள்ளினால் அது இணைகரமாகச் சாய முயலும். செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களுள் ஒன்று குறுகும்; மற்றொன்று நீளும். உள்ளே சுவர் இருந்தால், குறுகும் மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் சட்டகம் சுவரை இறுக்கமாக அழுத்துகிறது. மற்ற இரு மூலைகளில் சட்டகம் சுவரைவிட்டு விலகி, மெல்லிய பிளவு தோன்றுகிறது. சாந்தின் இழுவை வலிமை மிகக் குறைவு என்பதால் இந்தப் பிளவு சிறிய அசைவிலேயே வந்துவிடும். அதன்பின் சுவரின் வழியே செல்லும் விசை, அழுத்தப்படும் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு பட்டையாகப் பாய்கிறது. சாயும் பந்தலுக்குக் குறுக்காக ஒரு மூங்கிலை முட்டுக்கொடுத்து நிறுத்துவது போன்றதே இது. அசைவு திசை மாறும்போது முட்டும் மறு மூலைவிட்டத்துக்கு மாறிவிடுகிறது.

சுவர் சட்டகத்தோடு வேலை செய்கிறது என்பதற்கான தொடக்க காலச் சான்றுகளுள் ஒன்று நிலநடுக்கத்திலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வந்தது. 1930களில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் கருவிகள் பொருத்தி அளந்தபோது, புயல்காற்று ஒன்றில் 29ஆம், 41ஆம் மாடிகளின் கற்கட்டுச் சுவர்களில் சாய்வான விரிசல்கள் தோன்றின. விரிசல் வரும்வரை எஃகுத் தூண்களில் காற்றினால் ஏற்பட வேண்டிய திரிபு அளவிடப்படவே இல்லை. அதாவது அதுவரை காற்றைத் தாங்கியவை சுவர்கள்.

இந்த நடத்தையைக் கணக்காக மாற்றும் வழியை 1950களில் சோவியத் ஆய்வாளர் பொல்யாகோவ் முன்வைத்தார். சுவர் முழுவதையும் நீக்கிவிட்டு, அதன் இடத்தில் இரு முனைகளிலும் கீல் கொண்ட, அமுக்கத்தை மட்டும் ஏற்கும் ஒரு சாய்ந்த தண்டைப் பொருத்தலாம் என்பது அவர் கருத்து. 'சமான மூலைவிட்ட முட்டு' என இன்று அழைக்கப்படுவது இதுவே. முட்டின் தடிப்பு சுவரின் தடிப்பு. அதன் பொருள் கற்கட்டு. நீளம் மூலைவிட்டத்தின் நீளம். மீதமிருப்பது ஒரே கேள்வி: முட்டின் அகலம் எவ்வளவு?

அந்த ஒரு கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடப்பட்டு வருகிறது. 1961இல் ஹோம்ஸ், அகலம் மூலைவிட்ட நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றார். பிரையன் ஸ்டாஃபோர்ட் ஸ்மித் 1960களில் செய்த சோதனைகள், அகலம் எல்லாச் சுவருக்கும் ஒன்றாக இராது என்பதைக் காட்டின. தூண் மெலிந்ததாகவும் சுவர் விறைப்பானதாகவும் இருந்தால், தூண் மூலைக்கு அருகிலேயே வளைந்து சுவரைவிட்டு விலகிவிடும், இரண்டும் தொட்டிருக்கும் நீளம் குறையும், முட்டு ஒடுங்கும். தூண் தடித்ததாக இருந்தால் தொடும் நீளம் கூடி முட்டும் அகலும். சுவருக்கும் சட்டகத்துக்கும் உள்ள இந்த விறைப்பு ஒப்பீட்டை அவர் ஒரே எண்ணாகச் சுருக்கினார். 1971இல் மெயின்ஸ்டோன் அந்த எண்ணைப் பயன்படுத்தி இன்றும் வழக்கிலுள்ள சூத்திரத்தைத் தந்தார்:

முட்டின் அகலம் = 0.175 × (விறைப்பு ஒப்பீட்டு எண்)^(−0.4) × மூலைவிட்ட நீளம்

1992இல் வெளிவந்த தம் நூலில் பாலேயும் பிரீஸ்ட்லியும், வடிவமைப்புக்கு மூலைவிட்டத்தில் நான்கில் ஒரு பங்கு போதும் என எளிமைப்படுத்தினர். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நிலநடுக்க விதித்தொகுப்பான ஐ.எஸ். 1893, தனது 2016 பதிப்பில் மெயின்ஸ்டோனின் சூத்திரத்தையே ஏற்றுக்கொண்டது. 2002 பதிப்பில் சுவருக்கான முட்டுக் கணக்கே இடம்பெறவில்லை.

எண்களில் ஒரு சுவர்

எண்களை இட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடுகளின் எடை புரியும். தூண்களுக்கு இடையே 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் கொண்ட ஒரு சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். மூலைவிட்டம் 5 மீட்டர். சுவர் 230 மி.மீ. தடிப்பு. தூண்கள் 300 மி.மீ. சதுரம், எம்25 கான்கிரீட். செங்கல், சாந்து இரண்டின் அமுக்க வலிமையும் சதுர மி.மீ.க்கு 5 நியூட்டன் எனக் கொள்வோம்.

ஐ.எஸ். 1893 தரும் வாய்பாட்டில், கற்கட்டின் வலிமை செங்கல் வலிமையின் 0.64ஆம் அடுக்கையும் சாந்து வலிமையின் 0.36ஆம் அடுக்கையும் 0.433ஆல் பெருக்கிவரும் அளவு. இரண்டும் 5 என்பதால் விடை சதுர மி.மீ.க்கு 2.17 நியூட்டன். தனிச் செங்கல்லின் வலிமையில் இது பாதிக்கும் குறைவு என்பது கவனிக்கத்தக்கது. கற்கட்டின் மீட்சிக் குணகம் அதன் வலிமையைப் போல் 550 மடங்கு, அதாவது ஏறத்தாழ 1,190. ஒப்பிட்டால், எம்25 கான்கிரீட்டின் மீட்சிக் குணகம் 25,000. பொருளளவில் சுவர் கான்கிரீட்டைவிட இருபது மடங்கு மென்மையானது.

இந்த எண்களுக்கு விறைப்பு ஒப்பீட்டு எண் 3.2 என வருகிறது. முட்டின் அகலம் ஏறத்தாழ 550 மி.மீ. இந்த முட்டு பக்கவாட்டில் தரும் விறைப்பு, ஒரு மி.மீ. அசைவுக்கு 19 கிலோநியூட்டன். இதே சட்டகத்தின் இரு தூண்களும் சேர்ந்து தருவது எவ்வளவு? உத்தரங்கள் வளையாதவை என்று தாராளமாகக் கொண்டு, விரிசலுக்காக விதித்தொகுப்பு சொல்லும் 70 விழுக்காட்டு நிலைமத் திருப்புத்திறனை எடுத்தால் 10.5 கிலோநியூட்டன். உத்தரங்களும் வளையும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். கணக்கில் இல்லாதிருந்த மென்மையான செங்கல் சுவர், கணக்கில் இருந்த இரு கான்கிரீட் தூண்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பைக் கொண்டுவருகிறது. தூண் வளைந்து எதிர்க்கிறது. சுவர் அழுந்தி எதிர்க்கிறது. மென்மையான பொருளாயினும் அழுந்தும் உறுப்பு வளையும் உறுப்பைவிட விறைப்பாக இருக்கக்கூடும்.

அகலத்தை ஹோம்ஸ் சொன்னபடி எடுத்தால் 1,667 மி.மீ.; விறைப்பு 58 கிலோநியூட்டன். பாலே–பிரீஸ்ட்லி முறையில் 1,250 மி.மீ.; 44 கிலோநியூட்டன். ஒரே சுவருக்கு 19 முதல் 58 வரை விடை. இதில் முரண்பாடு ஏதுமில்லை. மெயின்ஸ்டோனின் சிறிய அகலம் விரிசல் கண்ட சுவரின் நடத்தைக்கு நெருக்கமானது. பெரிய அகலங்கள் சுவர் புதிதாக இருக்கும் தொடக்க நிலையை நோக்கிச் சாய்பவை. அதோடு செங்கல்லின் தரம் ஒரே சூளைக்குள்ளும், சாந்தின் தரம் ஒரே கொத்தனாரின் காலைக்கும் மாலைக்கும் இடையிலும் மாறும். ஆகவே ஓர் அகலத்தைத் தேர்ந்து அதைத் தசம இலக்கங்களோடு நம்புவதைவிட, சிறிய அகலத்தில் ஒருமுறையும் பெரிய அகலத்தில் ஒருமுறையும் கட்டடத்தை ஆராய்ந்து, இரண்டிலும் மோசமானதை ஏற்பதே பயனுள்ள பழக்கம்.

விறைப்பு கூடினால் கட்டடத்தின் இயல்பலைவு நேரம் குறையும். ஐ.எஸ். 1893 இதை நெடுநாளாகவே மறைமுகமாக ஏற்றிருந்தது. 15 மீட்டர் உயரமும் அசைவுத் திசையில் 16 மீட்டர் நீளமும் உள்ள கட்டடத்துக்கு வெற்றுச் சட்டக வாய்பாடு 0.57 நொடியைத் தருகிறது. சுவர் நிறைந்த கட்டடத்துக்கான வாய்பாடு 0.34 நொடியைத் தருகிறது. பாறை அல்லது கடினத் தரையில் இந்த மாற்றம் வடிவமைப்பு விசையை ஏறத்தாழ 1.4 மடங்காக்கும். மென்மையான தரையில் வேறுபாடு மிகக் குறைவு.

அகமதாபாத், 2001

2001 சனவரி 26 காலை, குசராத்தின் கச்சு மாவட்டத்தில் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அகமதாபாத் நகரம் அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அந்தத் தொலைவிலும் அங்கே பல பத்துக் கான்கிரீட் அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். சபர்மதி ஆற்றின் வண்டல் மண் அதிர்வைப் பெருக்கியது ஒரு காரணம். ஆனால் இடிந்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது அடையாளம் இருந்தது. தரைத்தளம் வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் திறந்து விடப்பட்டிருந்தது. மேலே நான்கு அல்லது பத்து மாடிகள் செங்கல் சுவர்களால் அடைபட்டிருந்தன.

முன்பு கண்ட எண்களே இதை விளக்கப் போதுமானவை. மேல்மாடியில் ஒரு சட்டகத்தின் விறைப்பு தூண்களின் 10.5, சுவரின் 19, ஆக 29.5. சுவர் இல்லாத தரைத்தளத்தில் 10.5 மட்டும். தரைத்தளத்தின் விறைப்பு மேல்மாடியினதில் 35 விழுக்காடு. அகலமான முட்டுகளைக் கொண்டு கணக்கிட்டால் 15 முதல் 20 விழுக்காடுதான். 100 கிலோநியூட்டன் விசைக்கு மேல்மாடி 3.4 மி.மீ. நகரும்போது தரைத்தளம் 9.5 மி.மீ. நகரும். மேலே உள்ள அத்தனை மாடிகளும் ஒரு பெட்டியைப் போல ஒன்றாக அசைய, அந்த அசைவு முழுவதையும் தரைத்தளத் தூண்களின் உச்சியும் அடியுமே ஏற்க வேண்டியிருக்கிறது. இதையே 'மென்மாடி' என்கின்றனர். தூண்கள் சாயச் சாய மேலுள்ள எடை அவற்றை மேலும் வளைக்கிறது. சரிவு ஒருமுறை தொடங்கினால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இந்த ஆபத்து வெற்றுச் சட்டக மாதிரியில் தெரியவே தெரியாது என்பதுதான் இதன் மையம். அந்த மாதிரியில் எல்லா மாடிகளிலும் ஒரே அளவுத் தூண்கள், ஒரே அளவு விறைப்பு. கட்டடம் சீரானதாகத் தோன்றும். சுவர்களைச் சேர்த்தவுடன் அதே கட்டடம் அடியில் ஒடிந்ததாக மாறிவிடுகிறது. சுவரை விட்டுவிட்டதால் பிழை ஏற்பட்டது சுவர் இருந்த மாடிகளில் அன்று, சுவர் இல்லாத மாடியில்.

அகமதாபாத்தில் வேறு குறைகளும் சேர்ந்திருந்தன. மேல்மாடிகளைத் தரைத்தளத்தைவிட வெளியே நீட்டிக் கட்டியதால் புறத் தூண்கள் தரைவரை வராமல் உத்தர முனைகளிலேயே நின்றன. தூண்களின் சுற்றுக்கம்பிகள் (கட்டுமானத் தளங்களில் 'ரிங்') அகன்ற இடைவெளியில், முனை உள்நோக்கி மடிக்கப்படாமல் கட்டப்பட்டிருந்தன. அதேசமயம், இதே குறைகள் கொண்ட கட்டடங்களுள் தரைத்தளத்திலும் சுவர்கள் இருந்த பல நின்றுவிட்டன. அவற்றின் தரைத்தளச் சுவர்களில் குறுக்கு விரிசல்கள் விழுந்தன, வீட்டார் வெளியேறினர்.

1999 ஆகத்து 17இல் துருக்கியின் கொசேலி நிலநடுக்கத்திலும் இதுவே பெரிய அளவில் நடந்தது. அங்கே தரைத்தளத்தில் வாகனங்களுக்குப் பதில் கண்ணாடி முகப்புக் கொண்ட கடைகள் இருந்தன.

தமிழ்நாட்டுக்கு இது தொலைவான செய்தியன்று. சென்னை 2002ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. 'ஸ்டில்ட் பார்க்கிங்' எனப்படும் திறந்த தரைத்தளம் நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பரவலான வழக்கம்.

அரைச் சுவரும் குட்டைத் தூணும்

சுவர் பாதியில் நின்றாலும் சிக்கல் உண்டு. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சன்னல் மட்டம்வரை சுவர் எழுப்பி, அதன் மேல் உத்தரம்வரை நீண்ட சன்னல் வைப்பது வழக்கம். 3 மீட்டர் தூணில் 2 மீட்டரைச் சுவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வளைவதற்கு எஞ்சுவது 1 மீட்டர். வளையும் உறுப்பின் விறைப்பு உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் அந்தத் துண்டு 27 மடங்கு விறைப்பாகிறது. தூண் தன் முழு வளைவு வலிமையை எட்டும்போது அதில் எழும் வெட்டு விசையும் மும்மடங்காகிறது. வடிவமைத்தவர் முழு உயரத்துக்கும் கணக்கிட்டுச் சுற்றுக்கம்பி வைத்திருப்பார். தூண் சன்னல் பகுதியில் கத்தரி வடிவில் வெடிக்கும். சுவருக்கும் தூணுக்கும் இடையே சிறிய இடைவெளி விட்டிருந்தால் இது தவிர்க்கப்பட்டிருக்கும்.

தெருமுனைக் கட்டடங்களில் வேறொரு வடிவம் காணப்படும். பின்புறமும் ஒரு பக்கமும் முழுச் சுவர். தெருவை நோக்கிய இரு பக்கங்களும் கடைக்காகத் திறந்தவை. விறைப்பின் மையம் பின்மூலைக்கு நகர்ந்துவிடுவதால் கட்டடம் அசைவதோடு முறுக்கவும் செய்கிறது. முகப்புத் தூண்கள்தான் அதிகம் நகர்ந்து முதலில் உடைகின்றன.

ஒற்றை முட்டு காட்டாதவை

ஒற்றை முட்டு மாதிரி, மாடியின் மொத்த விறைப்பையும் மென்மாடி ஆபத்தையும் நன்றாகக் காட்டும். அதன் குறை மூலைகளில் இருக்கிறது. மாதிரியில் முட்டு, தூணும் உத்தரமும் சந்திக்கும் புள்ளியிலேயே சென்று சேர்கிறது. உண்மையில் சுவர் தூணின் மேற்பகுதியில் ஒரு குறிப்பிட்ட நீளத்தில் சாய்ந்து தள்ளுகிறது. முன் கண்ட முட்டு அதன் முழு அமுக்க வலிமையை எட்டினால் அதன் விசை ஏறத்தாழ 270 கிலோநியூட்டன். அதன் கிடைக்கூறு 220. இதில் பாதி உத்தரத்தின் வழியாகவும் பாதி தூணின் வழியாகவும் செல்கிறது எனக் கொண்டாலும் தூணின் தலைப்பகுதிக்கு 110 கிலோநியூட்டன் வருகிறது. 300 மி.மீ. சதுரத் தூணில், ஒரு விழுக்காடு இழுவைக் கம்பியும் 150 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. சுற்றுக்கம்பியும் இருந்தால், அதன் வெட்டு வலிமையும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பழைய கட்டடங்களில் உள்ளதுபோல் 200 மி.மீ. இடைவெளியில் 6 மி.மீ. மென்னெஃகுக் கம்பி என்றால் 65 கிலோநியூட்டன் அளவே. சுவர் நசுங்குவதற்கு முன் தூண் வெட்டுண்டு போகும். ஒற்றை முட்டு மாதிரி இந்த வெட்டு விசையைத் தூணில் காட்டாது. வலுவான சுவர் மெலிந்த தூணைக் கொல்லும் நிகழ்வு அதில் மறைந்துவிடும்.

இதற்காகவே ஆய்வாளர்கள் இரண்டு, மூன்று முட்டுகள் கொண்ட மாதிரிகளை உருவாக்கினர். நடு முட்டு மூலையில் சேர, மற்றவை தூணிலும் உத்தரத்திலும் சற்றுத் தள்ளிச் சேரும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் 1997இல் கிரிசாஃபுல்லி செய்த ஆய்வு இவ்வகை மாதிரிகளை ஒப்பிட்டதோடு, கிடைமட்டச் சாந்து மூட்டுகளில் சுவர் வழுக்குவதைக் கணக்கிலெடுக்கவும் வழி செய்தது. சுவர் எப்போதும் மூலையில் நசுங்கி உடைவதில்லை. சாந்து வலுவற்றதாக இருந்தால் நடு உயரத்தில் ஒரு வரிசை முழுவதும் வழுக்கி, சுவர் இரு துண்டுகளாகப் பிரியும். அப்போது தூணின் நடுவிலேயே விசை விழும். சில வேளைகளில் சாய்வான விரிசல் படிக்கட்டுபோல் செங்கல்களைச் சுற்றிச் செல்லும். எந்த வகை முதலில் வரும் என்பதை ஒவ்வொரு வகையின் வலிமையையும் தனித்தனியே கணக்கிட்டு, குறைந்ததைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

விசையின் ஏற்ற இறக்கத்தில் சுவர் நடந்துகொள்ளும் விதமும் எளிதன்று. ஒரு திசையில் தள்ளும்போது முட்டு வலுவாக எதிர்க்கும். திரும்பும்போது முன் ஏற்பட்ட இடைவெளி மூடும்வரை ஏறத்தாழ எதிர்ப்பே இருக்காது. பிறகு மறு முட்டு பிடிக்கும். வரைபடத்தில் இது நடுவில் கிள்ளப்பட்ட வளையமாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் விறைப்பும் வலிமையும் தேய்ந்துகொண்டே போகும். ஈடேப்ஸ், சாப் 2000 போன்ற வணிக மென்பொருள்களிலும், ஆய்வுக்குப் பயன்படும் ஓப்பன்சீஸிலும் அமுக்கத்தை மட்டும் ஏற்கும் இரு குறுக்கு முட்டுகளாக இதை அமைக்கலாம். ஆனால் தேய்வின் அளவைச் சோதனையிலிருந்துதான் தர முடியும். வேறொரு நாட்டின் துளையுள்ள சுடுமண் கல்லில் கிடைத்த எண்ணை நாட்டுச் செங்கலுக்கு அப்படியே இடுவது, சூத்திரம் எவ்வளவு நுட்பமானதாயினும், வெறும் ஊகம்.

இதைவிட நுணுக்கமானது, ஒவ்வொரு செங்கல்லையும் தனித் துண்டாகவும் அவற்றிடையே உள்ள சாந்து மூட்டை வழுக்கவும் பிளக்கவும் வல்ல பரப்பாகவும் கொள்ளும் நுண்மாதிரி. 1996இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பாவுலோ லூரென்சோ உருவாக்கிய இடைமுக மாதிரி இத்துறையில் அடிப்படையானது. விரிசல் எங்கே தொடங்கி எப்படிச் செல்லும் என்பதை இது காட்டும். ஒரே சுவரை ஆராயப் பொருத்தமானது. பத்து மாடிக் கட்டடத்துக்கு நடைமுறையில் ஒவ்வாது. கதவு, சன்னல் உள்ள சுவர்களின் நடத்தையை அறிய இதுபோன்ற மாதிரிகளே பெரிதும் உதவின. திறப்பு உள்ள சுவரில் ஒற்றைப் பட்டை உருவாக முடியாது. விசை திறப்பைச் சுற்றிப் பல சிறு முட்டுகளாகப் பிரிகிறது. வடிவமைப்பில் பொதுவாகத் திறப்பின் பரப்பளவுக்கு ஏற்ப முட்டின் அகலம் குறைக்கப்படுகிறது. திறப்பு சுவரின் நடுவில் இருக்கிறதா, மூலையை ஒட்டி இருக்கிறதா என்பது பரப்பளவைவிட முக்கியமாகும் இடங்களும் உண்டு.

சுவர் வெளியே விழுதல்

இதுவரை சொன்னவை சுவரின் தளத்துக்குள் நிகழும் அசைவைப் பற்றியவை. நிலநடுக்கம் சுவரை அதன் முகத்துக்குச் செங்குத்தாகவும் ஆட்டுகிறது. அப்போது சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்து தெருவில் விழக்கூடும். சட்டகத்துக்குள் இறுக்கமாகக் கட்டப்பட்ட சுவர் இதையும் வியப்பூட்டும் அளவுக்குத் தாங்கும். நடுவில் விரிந்து இரு துண்டாக மடங்க முயலும்போது, மேலும் கீழும் உள்ள உத்தரங்கள் அதை அமுக்கிப் பிடித்து வளைவுபோல் நிற்கச் செய்கின்றன. மேல் உத்தரத்தின் அடியில் உள்ள சந்தைச் சரியாக அடைக்காமல் விட்டால் இந்த வளைவு உருவாகாது. கொத்து வேலையில் கடைசியாக, பெரும்பாலும் அவசரமாக அடைக்கப்படும் இடமும் அதுவே.

இரு அசைவுகளும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன என்பது மேலும் ஒரு சிக்கல். தளத்துக்குள் விரிசல் கண்ட சுவர் வெளிநோக்கிய தள்ளலைத் தாங்கும் திறனை இழக்கிறது. கீழ்மாடிகளில் முதல் வகைச் சேதம் அதிகம். மேல்மாடிகளில் முடுக்கம் அதிகம். எனவே சுவர்கள் உதிரும் மாடி எதுவென ஊகிப்பது எளிதன்று. 2009 ஏப்ரல் 6இல் இத்தாலியின் லாக்விலாவில், சட்டகங்கள் பெரிய சேதமின்றி நின்ற கட்டடங்களிலும் இரட்டைச் சுவர்களின் வெளிப்படை பெயர்ந்து விழுந்தது. அமெரிக்காவின் பெர்க்கிலியில் மொசலமும் கடிசெவ்ஸ்கியும் 2009இல் முன்வைத்த மாதிரி, ஒரே முட்டின் நடுவில் ஒரு திணிவை வைத்து இரு திசை வலிமைகளையும் ஒன்றோடொன்று இணைக்கிறது.

விதிகளும் தெரிவுகளும்

2001க்குப் பின் வந்த ஐ.எஸ். 1893: 2002, திறந்த தரைத்தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் வெற்றுச் சட்டகக் கணக்கில் வரும் விசைகளைப்போல் 2.5 மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. எளிய விதி, ஆனால் உத்தரங்களையும் சேர்த்து வலுப்படுத்துவது தூண்களுக்கே மீண்டும் சேதத்தைத் தள்ளிவிடக்கூடும் என்பதாலும், வலிமை கூடினாலும் மாடிகளுக்கிடையேயான விறைப்பு வேறுபாடு நீங்காது என்பதாலும் விமரிசனத்துக்கு உள்ளானது. 2016 பதிப்பு வேறு வழியை எடுத்தது. திறந்த மாடி உள்ள கட்டடங்களில் கான்கிரீட் கட்டமைப்புச் சுவர்கள் அல்லது குறுக்குச் சட்டங்கள் வேண்டும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் மண்டலங்களில் சுவரைத் தெரிந்தால், அவற்றின் குறுக்குவெட்டுப் பரப்பு ஒவ்வொரு திசையிலும் தளப்பரப்பில் 2 விழுக்காடாவது இருக்க வேண்டும். 200 சதுர மீட்டர்த் தளத்துக்கு இது 200 மி.மீ. தடிப்பில் 20 மீட்டர் நீளச் சுவர், அதுவும் இரு திசைகளிலும். வாகனம் திரும்ப இடம் தேடும் கட்டடக் கலைஞருக்கு இது எளிய கட்டளையன்று. சிறு மனைகளில் இவ்விதி தயக்கத்தோடு பார்க்கப்படுவதற்கு இதுவே காரணம்.

சுவரைச் சட்டகத்திலிருந்து முற்றிலும் பிரித்துவிடுவது இன்னொரு தெரிவு. நியூசிலாந்தில் இந்த அணுகுமுறைக்கு நீண்ட வரலாறு உண்டு. தூணை ஒட்டி இடைவெளி விட்டு மென்பொருளால் அடைத்தால் சட்டகம் வெற்றுச் சட்டகமாகவே அசையும். மாதிரியும் கட்டடமும் ஒன்றாகும். விதித்தொகுப்பு அனுமதிக்கும் மாடிப் பெயர்ச்சி உயரத்தில் 0.4 விழுக்காடு, 3 மீட்டருக்கு 12 மி.மீ. என்பதால் இடைவெளியின் அளவைக் கணக்கிடுவது கடினமன்று. வெளியே விழாமல் சுவரைப் பிடித்துக்கொள்ளும் இணைப்பு, மழைநீர், ஒலி ஆகியவற்றைச் சமாளிப்பதே கடினம். இந்தியக் கட்டுமானத் தளங்களில் இது அரிது.

மூன்றாவது வழி வரிசையையே மாற்றுவது. 'கட்டுறு கற்கட்டு' முறையில் சுவர் முதலில் எழும். அதன் பல்வரிசை விளிம்புகளுக்கு இடையே பிறகு சிறு கான்கிரீட் தூண்கள் வார்க்கப்படும். கான்கிரீட் சுவரைப் பற்றிக்கொள்வதால் இடையில் பிளவு இல்லை. எடையையும் நிலநடுக்க விசையையும் சுவரே தாங்குகிறது, தூண்கள் அதைக் கட்டிப் பிடிக்கின்றன. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் பரவலான இம்முறையில், ஐ.ஐ.டி. காந்திநகர் தன் வளாகத்தின் மாணவர் விடுதிகளையும் பணியாளர் குடியிருப்புகளையும் கட்டியுள்ளது.

ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களில் கேள்வி வேறு. திறந்த தரைத்தளத்தில் சில இடங்களிலாவது, சமச்சீராக இரு திசைகளிலும், கான்கிரீட் சுவரோ எஃகுக் குறுக்குச் சட்டமோ சேர்ப்பதும், தூண்களை எஃகு அல்லது இழைத் துணியால் உறையிடுவதும் வழக்கமான தீர்வுகள். வீட்டாரே செய்யும் மாற்றங்களையும் இங்கே கணக்கிட வேண்டும். தரைத்தள வீட்டைக் கடையாக்க முன்சுவரை இடிப்பது, இரு அறைகளை ஒன்றாக்க நடுச்சுவரை எடுப்பது போன்றவற்றுக்குத் 'தூணைத் தொடவில்லை' என்ற சமாதானமே போதுமானதாகக் கருதப்படுகிறது. எடுக்கப்பட்ட சுவரோடு ஒரு முட்டும் போய்விடுகிறது. அந்தத் தளம் அன்று முதல் மேலுள்ளதைவிட மென்மையானது.

சுவர்க் கல் மாறிவருவதும் மாதிரியைப் பாதிக்கிறது. ஏ.ஏ.சி. எனப்படும் காற்றேற்றிய கான்கிரீட் கற்கள் செங்கல்லைவிடப் பெரிதும் எடை குறைந்தவை. அதனால் கட்டடத்தின் திணிவும் நிலநடுக்க விசையும் குறைகின்றன. அவற்றின் கற்கட்டு வலிமையும் விறைப்பும் மெல்லிய ஒட்டுக்கலவையோடு சேர்ந்து அமைபவை. செங்கல்லுக்கும் சாதாரணச் சாந்துக்கும் பொருத்தப்பட்ட 0.433, 0.64, 0.36 என்னும் எண்களை அவற்றுக்கு இடுவதற்கு முன், அந்தக் கல்லிலும் கலவையிலும் கட்டிய சிறு சுவர்த்துண்டுகளை ஆய்வகத்தில் அமுக்கிப் பார்த்து வலிமையை நேரடியாகப் பெறுவதே சரியான முறை.